சிவந்த ஸ்லைடு

கேள்வி: பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமஸ்டர் பிராக்டிகலில், பாக்டீரியாவுக்குச் சாயமேற்றி ஊதா (கிராம் பாசிட்டிவ்), சிவப்பு (கிராம் நெகட்டிவ்) என்று பிரிக்கும் கிராம் ஸ்டெயினிங் வந்தது. கொடுத்தது ஊதாவாக வரவேண்டிய ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று பிறகுதான் தெரிந்தது. என் ஸ்லைடில் எல்லாமே சிவப்பு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) எட்டிப் பார்த்துவிட்டுப் பாதி மார்க்கை வெட்டிவிட்டார். தியரியில் நான்தான் வகுப்பில் முதல். ஒரு ஸ்லைடை வைத்து என்னை எடைபோடலாமா, மேடம்?
- ஒரு மாணவி, நாமக்கல்

பதில்: கூடாதுதான். ஆனால் ஸ்லைடு ஏன் சிவந்தது என்று உங்கள் கடிதத்திலும் ஒரு வரி இல்லையே, அம்மா. எனக்கு உறுத்துவது அதுதான்.

நானும் பல வருடம் எக்ஸ்டர்னலாகப் போனவள். மைக்ரோஸ்கோப்பில் கண் வைப்பதற்கு முன்பே பாதி மார்க்கைப் போட்டுவிடுவேன். பாக்டீரியாவைத் தொட்டெடுக்கும் கம்பியான லூப்பைச் செக்கச்செவேலென்று காய்ச்சிவிட்டு, ஆறும்வரை பொறுக்கிறாளா? பெட்ரி தட்டின் மூடியை மேசையில் மல்லாத்தி வைக்கிறாளா? பெயரைத் தட்டின் அடியில் எழுதுகிறாளா, மூடியிலா? மூடி மாறிப்போகும், அடி மாறாது. ரெக்கார்டு நோட்டை நான் பெரிதாகப் புரட்டியதில்லை. அது யாரைப் பார்த்து எழுதியதோ!

மேசையில் வைத்த பொருளைப் பார்த்து எழுதும் ஸ்பாட்டரும் அப்படித்தான். நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைப் பார்த்ததும் 121 டிகிரி, 15 நிமிடம் என்று எழுதிவிடுவார்கள். உள்ளே இருக்கும் காற்றை முதலில் ஏன் வெளியேற்ற வேண்டும் என்று கேட்டால் வாய் திறக்காது.

ஒருமுறை ஒரு பெண்ணின் ஸ்லைடும் உங்களுடையதைப் போலவே சிவந்திருந்தது. "ஆல்கஹால் ஊத்திட்டு, தீப்பெட்டி கேக்கப் பக்கத்து மேசைக்குப் போயிட்டேன் மேடம். கிராம் பாசிட்டிவா இருந்தாலும் ஊதா கழண்டிருக்கும்" என்றாள். இரண்டு மார்க் மட்டும் குறைத்தேன். 1884இல் இந்த முறையை வெளியிட்ட ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராமே அது குறையுள்ளது என்று எழுதிவைத்தவர். அவருக்கில்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

சாயத்தைக் கழற்றும் ஆல்கஹால் சில விநாடிதான். ஊதாவைப் பிடித்துவைக்கும் அயோடினை மறந்தாலும் சிவக்கும், கல்ச்சர் (வளர்த்து வைத்த பாக்டீரியா) பழசானாலும் சிவக்கும்.

அடுத்த முறை ஒரே ஸ்லைடில் மூன்று பொட்டு வையுங்கள். இடப்பக்கம் தெரிந்த ஸ்டெஃபைலோகாக்கஸ், வலப்பக்கம் சிவப்பாக வரவேண்டிய, தெரிந்த ஈ.கோலை, நடுவில் பரீட்சைக்குக் கொடுத்தது. இடப்பக்கப் பொட்டும் சிவந்தால் பிசகு உங்கள் கையில். அது ஊதாவாக நின்று நடுப்பொட்டு மட்டும் சிவந்தால், உடனே கிராம் நெகட்டிவ் என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கல்ச்சர் எப்போது போட்டது என்று லேப் அண்ணனிடம் முதலில் கேளுங்கள்.