திருகோணமலை வெக்கையில் கோல்ட் பிஷ் தாங்குமா? வாங்கி ஒரு கிழமைக்குள் ஏன் சாகிறது?

தாங்கும். எங்கள் வீடு உவர்மலையில். தொட்டியில் இருக்கும் இரண்டும் மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் வாங்கியவை. இப்போது அவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான்.

நீங்கள் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி, பைப் தண்ணீரை நிரப்பி உடனே விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் வெக்கையின் மேல் பழி போட வேண்டாம். பைப் தண்ணீரில் உள்ள குளோரின் செவுளை எரித்துவிடும். ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள், அல்லது கடையில் விற்கும் குளோரின் எடுக்கும் மருந்தை விடுங்கள். அதில் தப்பினாலும் அமோனியா இருக்கிறது. மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அது வெளியேறும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பக்டீரியா, பில்டர் பஞ்சில் பெருக 4 முதல் 6 கிழமை எடுக்கும். புதுத் தொட்டியில் அது கிடையாது. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், மீன் நஞ்சுக்குள் கிடக்கும்.

எங்கள் மாமி, "வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் கொண்டு போட்டுது" என்பார். நம்பிக்கையைக் குறை சொல்ல வரவில்லை, கோணேசர் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போகிறவள்தான் நானும். ஆனால் கண்டம் போயிற்று என்று நிம்மதியாகி, அதே தண்ணீரில் அடுத்த மீனை விடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, வெக்கைக்கு வருகிறேன். 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில் ஏழரைதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் நின்றதே, அப்போது இதைக் கண்ணால் பார்த்தோம். பம்ப் நின்று கொஞ்ச நேரத்தில் இரண்டும் மேலே வந்து, வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடின. மூடியைக் கழற்றி, தொட்டியைச் சுற்றி ஈரத் துவாய் போட்டோம். மகனும் நானும் மாறி மாறிச் செம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து சிதறி விழும்படி ஊற்றினோம். அன்று சாப்பாடு போடவில்லை. தின்றால் ஒட்சிசன் தேவையும் கூடும், அமோனியாவும் கூடும். ஐஸ் போடச் சொன்னார்கள், நான் விடவில்லை. சூடு சட்டென்று இறங்குவதும் மீனுக்கு ஆகாது. "மனிசருக்கே பேன் இல்லை, மீனுக்குக் காத்தாம்" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டது. கேஸுக்கு வரிசையில் நின்ற காலம், அந்தக் கோபம் எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் அவற்றைக் கண்ணாடிக்குள் அடைத்து வைத்தது நாங்கள். எங்களை விட்டால் அவற்றுக்கு யார்?

"நான் உருண்டைப் போத்தலில் வைத்திருந்தேன், இரண்டு வருடம் இருந்தது" என்று எழுத வருவீர்கள். இருந்திருக்கும். நன்றாகப் பார்த்தால் பத்து வருடத்தைத் தாண்டி வாழும் மீன் அது. இரண்டு மீனுக்கு 80 லீற்றராவது வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் வீட்டுக்கு வந்து, பிள்ளை தொட்டிக்குள் பிஸ்கட் போடுவதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணீர் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு போன் கோல் எடுத்துவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும்? பிள்ளையை ஒரு வார்த்தை அதட்டினால்தான் என்ன? இதைச் சொன்னால் நான் முகம் கொடுக்கத் தெரியாதவள்.

இப்போது புதிதாக மீன் வாங்காதீர்கள். பில்டரை ஓடவிட்டு, நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போட்டு ஒரு மாதத்துக்கு மேல் வையுங்கள். அப்புறம் முதலில் ஒன்று மட்டும் விடுங்கள். கிழமைக்கு ஒரு தரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். பஞ்சைப் பைப்பில் பிடித்துக் கழுவ வேண்டாம், பக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.