ஒரு கோடி ஆல்பம் விற்றும் கடன்: சோல் பாடகர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த சோல் இசையின் கலைஞர்களும் அவர்களைக் கசக்கும் தொழிலும் பற்றி வந்த கேள்விகளில் ஆறுக்கு இம்மாதம் பதில் தருகிறோம்.

கே: பாடகிகள் நினா சிமோன், லாரின் ஹில் பற்றி எங்கே படித்தாலும் "கோபக்காரர்", "எப்போது என்ன செய்வார் என்று தெரியாது" என்றே இருக்கிறது. அவர்கள் சுபாவமே அப்படித்தானா? – வாசகி, காரைக்குடி

ப: சுபாவத்தை எடைபோடும் முன் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1963 ஜூனில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 15 அன்று பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். அந்தக் கொதிப்பில் நினா சிமோன் எழுதிய பாட்டு 1964-ல் இசைத்தட்டாக வந்தது. தென் மாநில வானொலிகள் பல அதை ஒலிபரப்ப மறுத்தன. விளம்பரத்துக்காக அனுப்பிய தட்டுகள் இரண்டாக உடைக்கப்பட்டுத் திரும்பி வந்தன. அந்தக் காலத்தில் வானொலியில் ஒலித்தால்தான் தட்டு விற்கும். தட்டு விற்றால்தான் அரங்கக்காரர்கள் தேதி தருவார்கள். ஒருவரை ஒதுக்க யாரும் தடை உத்தரவு எழுத வேண்டியதில்லை.

அதற்கும் முன்பே தன் முதல் ஆல்பத்தின் உரிமையை அவர் 3,000 டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 1987-ல் ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தால் அதிலிருந்த பாட்டு ஒன்று ஐரோப்பாவில் திடீரென்று பிரபலமானபோது, அந்த ஒலிப்பதிவு அவர் கையில் இல்லை. இதற்குக் கோபப்படாத மனிதர் யார்?

லாரின் ஹில் விஷயம் கொஞ்சம் வேறு. 1998-ல் வந்த தனி ஆல்பத்தால் 1999 பிப்ரவரியில் அவருக்கு ஒரே இரவில் ஐந்து கிராமி விருதுகள். உடன் வேலை செய்த நான்கு இசைக்கலைஞர்கள் தங்கள் பெயர் சேர்க்கப்படவில்லை என்று வழக்குப் போட, 2001-ல் அது சமரசத்தில் முடிந்தது. இன்றுவரை இன்னொரு முழு ஸ்டுடியோ ஆல்பம் அவர் தரவில்லை. 2003-ல் வத்திக்கான் மேடையிலேயே, பாதிரியார்களால் சீரழிக்கப்பட்டவர்களுக்காகக் குரல் கொடுத்தார். வருமான வரி கட்டாததற்காக 2013-ல் மூன்று மாதம் சிறையிலும் இருந்தார். வரிக்குற்றம் அவருடையதுதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்தக் குற்றத்தைக் காட்டி, வத்திக்கானில் அவர் பேசியதையும் "கிறுக்கு" என்று ஒதுக்குவது அநியாயம்.

கே: லட்சக்கணக்கில் விற்கிற பாடகர்கள் திவாலாவது எப்படி? ஊதாரித்தனம் என்றுதான் நினைக்கிறேன். – வாசகர், திருச்சி

ப: டிஎல்சி என்ற மூன்று பெண்களின் குழு 1995-ல் திவால் மனு கொடுத்தது. அடுத்த ஆண்டு கிராமி விழாவில், ஒரு கோடி ஆல்பம் விற்றும் கையில் காசில்லை என்று நிருபர்கள் முன் பேசினார்கள். 1998 ஜனவரியில் பாடகி டோனி பிராக்ஸ்டனும் திவால் மனு கொடுத்தார். செலவாளிகள் எல்லாத் தொழிலிலும் உண்டு. இங்கே முதலில் பார்க்க வேண்டியது ராயல்டி, அதாவது விற்பனையில் பாடகருக்குச் சேரும் பங்கின் கணக்கு.

ஓர் உதாரணம் போடுவோம். எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், முறை மாறாது. நிறுவனம் தந்து, பிறகு ராயல்டியில் பிடித்துக்கொள்ளும் அட்வான்ஸ் 3 லட்சம் டாலர். ஸ்டுடியோ, வாத்தியக்காரர்கள் செலவெல்லாம் அதற்குள்தான். வீடியோ 2 லட்சம், அதில் பாதி பாடகர் கணக்கில். சுற்றுப்பயண உதவி 1 லட்சம். ஆக, பாடகர் தலையில் 5 லட்சம். குறுந்தகட்டின் மொத்த விற்பனை விலை (கடைக்காரர் தருவது) 10 டாலர். "பேக்கிங் கழிவு" என்று 25 சதவீதம் போக மிச்சம் 7.50. பாடகர் பங்கு 12 சதவீதம். அதில் தயாரிப்பாளருக்கு 3 போனால் 9 சதவீதம், அதாவது தட்டுக்கு 67.5 சென்ட். இந்த 67.5 சென்டைக் கொண்டுதான் 5 லட்சத்தை அடைக்க வேண்டும். சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் தட்டு விற்றபின்தான் பாடகருக்கு முதல் ராயல்டி சென்ட் வரும். அதற்குள் நிறுவனத்துக்கு வரவு 74 லட்சம் டாலர். நிறுவனத்தின் வரவிலிருந்து ஒரு சென்ட்கூட அந்தக் கடனில் கழியாது. வலிக்கிற இடம் இதுதான்.

அதோடு முடியவில்லை. முதல் ஆல்பத்தின் பாக்கியை இரண்டாவது ஆல்பத்தின் ராயல்டியில் பிடிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். மேனேஜருக்கு 15 முதல் 20 சதவீதம், வழக்கறிஞருக்கு 5, பிறகு வரி, குழுவென்றால் மிச்சத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். வீட்டுக் கடனைப் போல அடைத்து முடித்தால் பத்திரம் கைக்கு வருமா என்றால், வராது. கடன் தீர்ந்தாலும் மாஸ்டர் எனும் மூல ஒலிப்பதிவு நிறுவனத்துடையதே.

இன்னொரு ஓட்டை: அமெரிக்காவில் சாதாரண வானொலி, பாட்டு எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டுமே பணம் தருகிறது, பாடியவருக்கு எதுவும் இல்லை. பிறர் பாட்டைத் தன் உயிரை ஊற்றிப் பாடும் சோல் பாடகிக்கு இது பெரிய இழப்பு. இணைய, செயற்கைக்கோள் வானொலிப் பணம் மட்டும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற வசூல் அமைப்பு வழியாக 45 சதவீதம் முதன்மைப் பாடகருக்கும், 5 சதவீதம் உடன் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் பிரிகிறது. இந்தப் பங்கை நிறுவனம் அட்வான்ஸ் பாக்கியில் பிடித்துக்கொள்ள முடியாது. பதிவு செய்யாமல் இந்தப் பணத்தைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

கே: மனநலச் சிக்கல் உள்ள கலைஞர்களை இந்தத் தொழில் ஏன் இப்படி உருக்குலைக்கிறது? – மருத்துவ மாணவி, மதுரை

ப: சோல் பாடகர் டானி ஹாத்தவேக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. 1979 ஜனவரி 13 அன்று பாடகி ராபர்ட்டா ஃபிளாக்குடன் சேர்ந்து பாடும் ஆல்பத்துக்கான ஒலிப்பதிவில் இருந்தார். அவர் நிலை சரியில்லை என்று வேலையைப் பாதியில் நிறுத்தினார்கள். அன்றிரவே இறந்தார். வயது 33. நினா சிமோனுக்கு இருமுனைக் கோளாறு (மனம் உச்சிக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிச் செல்லும் நோய்) என்று பிற்காலத்தில்தான் கண்டறிந்தார்கள். இந்த நோய்களைத் தொழில் உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் சிகிச்சைக்கு வேண்டிய அடிப்படைகளை அது ஒவ்வொன்றாகப் பறிக்கிறது.

முதலில் தூக்கம். இருமுனைக் கோளாறில் தூக்கக் குறைவே மிகையெழுச்சியை, அதாவது அந்த உச்ச நிலையை, தூண்டிவிடும். சுற்றுப்பயணத்தில் நள்ளிரவில் மேடை இறங்கி, பேருந்தில் 600 கிலோமீட்டர் ஓடி, காலை ஒன்பதுக்கு வானொலிப் பேட்டி என்பது சாதாரணம். அடுத்தது மருந்து. இந்நோய்க்குத் தரப்படும் லித்தியம் எடுப்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் நிற்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனையும் தவறக்கூடாது. மேடை விளக்கின் சூட்டில் இரண்டு மணி நேரம் வியர்த்து, தண்ணீரும் போதாமல் போனால் அளவு ஏறி நச்சாகிவிடும். கை நடுக்கம், நாக்குக் குழறல், தள்ளாட்டம் வரும். பார்க்கிறவர்கள் "குடித்திருக்கிறார்" என்பார்கள்.

மூன்றாவதாக, நிகழ்ச்சியை ரத்து செய்யும் செலவு. அரங்க முன்பணத்தைத் திருப்ப வேண்டும். லாரி, ஒலி, ஒளி ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். பாடகர் வராமல் போவதற்கென்று காப்பீடு உண்டு. ஆனால் ஏற்கெனவே உள்ள நோய், மது, போதையால் ரத்தானால் பல பாலிசிகள் கைவிரித்துவிடும். ஆகவே, யாருக்கு ஓய்வு அவசியமோ அவருக்கே ஓய்வின் விலை அதிகம். பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2011 ஜூன் 18 அன்று பெல்கிரேட் மேடையில் பாட முடியாமல் தடுமாறியதை உலகமே பார்த்தது. அதற்குப் பிறகுதான் பயணத்தை ரத்து செய்தார்கள். ஜூலை 23 அன்று அதிக மதுவால் இறந்தார். பெல்கிரேடுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் (இந்தியாவில்) தமிழிலேயே பேசலாம்.

கே: நிறுவனத்தை எதிர்த்து ஜெயித்தவர் உண்டா? – வாசகர், யாழ்ப்பாணம்

ப: உண்டு, மார்வின் கே என்ற சோல் பாடகர். வியட்நாம் போர், காவலர் அடக்குமுறை பற்றி அவர் பாடியதை மோட்டவுன் இசை நிறுவன அதிபர் பெரி கார்டி விரும்பவில்லை. அதை வெளியிடும்வரை வேறெதையும் பாட மாட்டேன் என்று மார்வின் கே உட்கார்ந்துவிட்டார். 1971 ஜனவரியில் பாட்டு வந்தது, விற்றுத் தீர்ந்தது. மே மாதம் முழு ஆல்பமும் வந்தது. ஆனால் இதை எல்லாருக்கும் பாடமாகச் சொல்ல முடியாது. அவர் ஏற்கெனவே அங்கே பெரிய விற்பனைக்காரர், போதாததற்கு அதிபரின் அக்கா கணவர். புதுப் பாடகர் அப்படி உட்கார்ந்தால் நிறுவனம் காத்திருக்காது, அடுத்த ஆளைத் தேடும்.

கே: பிடிக்காவிட்டால் ஒப்பந்தத்தை விட்டு விலகிவிடலாமே? – வாசகர், சேலம்

ப: "ஐந்து ஆல்பம் ஒப்பந்தம்" என்றால், நிறுவனம் ஐந்து வெளியிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுவனம் பொறுப்பேற்பது பெரும்பாலும் முதல் ஆல்பத்துக்கு மட்டும். மற்ற நான்கும் வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லும் உரிமை அதற்குத்தான், பாடகருக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் எந்த வேலை ஒப்பந்தமும் ஏழு ஆண்டுக்கு மேல் கட்டுப்படுத்தாது. ஆனால் 1987 திருத்தத்தின்படி, தராத ஆல்பங்களுக்காக இசை நிறுவனம் நஷ்டஈடு கேட்கலாம். அந்தப் பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை.

பிரிட்டிஷ் பாடகி ரே 2021 ஜூனில் வாய் திறந்தார். 2014-லிருந்து நான்கு ஆல்பம் ஒப்பந்தத்தில் இருந்தும் ஓர் ஆல்பம்கூட வெளியிட விடவில்லை என்று பகிரங்கமாக எழுதினார். சில வாரங்களில் நிறுவனம் அவரை விடுவித்தது. 2023-ல் சொந்தமாக ஆல்பம் வெளியிட்டார். 2024 பிரிட் விருதுகளில் ஒரே இரவில் ஆறு வென்றார்.

கே: என் மகளுக்கு 19 வயது. ஒரு நிறுவனம் ஒப்பந்தம் நீட்டுகிறது. எதைக் கவனிக்க வேண்டும்? – தாய், கோவை

ப: அம்மா, அட்வான்ஸ் தொகையைக் கடைசியில் பாருங்கள். "நிறுவனத்துக்கு வணிகரீதியில் திருப்தியான ஒலிப்பதிவு" என்ற வரி இருந்தால் "தொழில்நுட்பரீதியில் திருப்தியான" என்று மாற்றச் சொல்லுங்கள். முதல் வரியைக் காட்டி, பிடிக்காத கருத்துள்ள பாட்டைக் காலவரையின்றி முடக்கலாம். இரண்டாவதைக் காட்டி ஒலித்தரத்தை மட்டுமே குறை சொல்ல முடியும். ஒப்படைத்த ஆல்பத்தை ஆறு மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் மகள் விலகலாம், ஒலிப்பதிவை வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதி வாங்குங்கள். ஒரு ஆல்பத்தின் பாக்கியை மற்றதில் பிடிக்கும் விதியை எடுத்துவிடச் சொல்லுங்கள். கச்சேரி, விளம்பர வருமானத்திலும் பங்கு கேட்டால், அதற்கு ஈடாக என்ன வேலை செய்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவர் சான்று தந்தால் அபராதமின்றி நிகழ்ச்சியை ரத்து செய்யலாம் என்ற வரியும் வேண்டும். கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யும் உரிமைக்கு எத்தனை ஆண்டு அவகாசம் என்று பாருங்கள். இரண்டு ஆண்டுக்குக் குறைந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நம் நாட்டில் 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கைச் சட்டப்படியான வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. வணிகப் பயன்பாட்டில் பாடகருக்கும் ராயல்டி உரிமை உண்டு. மகள் சொந்தமாகப் பாட்டு எழுதுகிறாள் என்றால், "எல்லா உரிமையும் ஒரே தொகைக்கு" என்ற வரியைக் கண்டதும் பேனாவைக் கீழே வையுங்கள். வழக்கறிஞரை நீங்களே தேடி, கட்டணத்தையும் நீங்களே கொடுங்கள். நிறுவனம் ஏற்பாடு செய்து தரும் வழக்கறிஞர் வேண்டாம்.