ஊருக்குப் போய் வந்த காய்ச்சலும் பிறவும்: தாதி அக்காவிடம் கேளுங்கள்

(சிங்கப்பூரில் தொற்றுநோய்ப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எல்லை தாண்டி வரும் நோய்கள் பற்றி மட்டும் கேளுங்கள். முட்டிவலிக்கு வேறு ஆள் பாருங்கள்.)

ஈசூன் வாசி: திருச்சியிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. விட்டு விட்டுக் காய்ச்சல். பெனடால் காய்ச்சல் மாத்திரை போதுமா அக்கா?

போதாது தம்பி. இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்ததும் முதல் பேச்சே “இந்தியா போய் வந்தேன்” என்று இருக்கட்டும். இங்கே காய்ச்சல் என்றால் டெங்கிதான் முதலில் நினைவுக்கு வரும். டைஃபாய்டு, மலேரியா பக்கம் யோசிக்க ஊர்ப் பெயர் வேண்டும். டைஃபாய்டுக்கு ரத்தக் கல்ச்சர் எடுப்பார்கள், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குள் நீங்களாக ஆன்டிபயாடிக் போட்டால் கிருமி பிடிபடாமல் போகலாம்.

மீனா: அம்மா ஊரிலிருந்து சிப்ரோ என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தனுப்பியிருக்கிறார். காய்ச்சலுக்குப் போடலாமா?

கூடாது. தெற்காசியாவின் டைஃபாய்டு கிருமி பெரும்பாலும் சிப்ரோவுக்கு மசிவதில்லை.

ராஜ்: அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போடலாமா?

மேலே படியுங்கள். நீங்களாக எதையும் போடக்கூடாது.

கப்பல்காரர்: மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டைக்கு 10 வருடம் முடிந்துவிட்டது.

2016 ஜூலையிலிருந்து அது ஆயுளுக்கும் செல்லும். பழைய அட்டையும்தான்.

உள்ளூர்க்காரன்: வெளிநாட்டு ஊழியர்கள்தானே எல்லா நோயையும் கொண்டு வருகிறார்கள்? தேக்காவில் (லிட்டில் இந்தியா) சிக்குன்குனியா வந்தது மறந்துவிட்டதா?

மறக்கவில்லை. 2008 ஜனவரி, தேக்காவின் கிளைவ் ஸ்திரீட். கிருமி வெளியிலிருந்து வந்தது, சரி. பரப்பிய ஏடிஸ் கொசு எந்த விமானத்தில் வந்தது? இங்கே தேங்கிய தண்ணீரில் பிறந்ததுதானே! 2003இல் சார்ஸ் நுழைந்தது ஹாங்காங்குக்கு விடுமுறை போய்த் திரும்பிய நம் ஆட்கள் வழியாக. 238 பேருக்குத் தொற்றி 33 பேர் இறந்தார்கள். 1999இல் நிப்பா கிருமி இங்கே 11 அறுப்புக்கூட ஊழியர்களைப் பிடித்தது, ஒருவர் இறந்தார். மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளிடமிருந்து தொற்றியது. எல்லை தாண்டியது பன்றி ஐயா, ஊழியர் இல்லை.

உள்ளூர்க்காரன்: ஆனாலும் வருகிறவர்களை 14 நாள் அடைத்து வைத்தால் நல்லதுதானே?

தாராளமாக. ஜொகூருக்குச் சாமான் வாங்கப் போய் வருகிற உங்களிடமிருந்தே தொடங்கலாமா?

மீனா: அக்கா, நன்றாகக் கேட்டீர்கள்!

நீங்கள் முதலில் அந்த சிப்ரோவை எடுத்து ஓரமாக வையுங்கள்.

சுதா: எல்லை தாண்டி வரும் புகைமூட்டத்துக்குச் சாதாரண முகக்கவசம் போதுமா?

நுண்துகளைத் தடுக்காது. என்95 முகக்கவசம்தான் வேண்டும், முகத்தில் இடைவெளி இல்லாமல்.

பிரியா: பாட்டி ஊரிலிருந்து ஆன்டிபயாடிக்…

பாட்டி தந்தாலும் அதே பதில்.

குமார்: அடுத்த மாதம் குடும்பத்தோடு மதுரை போகிறோம். டைஃபாய்டு ஊசி எப்போது போடவேண்டும்?

இப்படி முன்கூட்டிக் கேட்டதற்கே நன்றி. கிளம்ப இரண்டு வாரத்துக்கு முன்பாவது போட்டுவிடுங்கள். குழந்தைக்கு வயது பார்த்துத்தான் போடுவார்கள்; வீட்டுச் சின்னவனுக்கு 2 வயது ஆகிவிட்டதா?