ஸ்பிட்ஃபயரும் ஒற்றைக் கார் கராஜும்: கேள்வி பதில்

என்னிடம் இருப்பது 1972ஆம் வருடத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மார்க் 4, இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். கோவென்ட்ரியில் வீட்டோடு ஒட்டிய ஒரு கராஜ், ஒரு கார் மட்டும் நிற்கும். அந்த இடத்திலேயே பத்தொன்பது வருடமாக இந்த வண்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வண்டி பிறந்த கேன்லி தொழிற்சாலை இருந்த இடம் என் வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான். இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் சிலரும், ஊரிலிருந்து ஒருவரும் அனுப்பிய கேள்விகளுக்கு என் கையால் செய்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஹாரோ): அண்ணை, ஒரு ஸ்பிட்ஃபயர் வாங்க ஆசை. சைக்கிளுக்கு மேல் ஸ்பேனர் பிடித்ததில்லை. எந்த மாடல் வாங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதல் வண்டிக்கு இதைவிட நல்லது கிடைக்காது, தம்பி. முன்பக்கம் முழுதும், மட்கார்டோடு சேர்த்து, ஒரே பானெட்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். குனிந்து முதுகு வலிக்காது.

1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் ஷோவில் வெளிவந்து 1980 ஆகஸ்ட் வரை இந்த வண்டியைச் செய்தார்கள். 1970க்குப் பிறகு வந்த மார்க் 4, அல்லது 1974 கடைசியில் வந்த 1500, இரண்டில் ஒன்றைத் தேடுங்கள். பின் சஸ்பென்ஷன் திருத்தப்பட்டது, கியர்பாக்ஸில் முதல் கியருக்கும் சின்க்ரோ, அதாவது கியர் உராயாமல் விழச் செய்யும் அமைப்பு, உண்டு. 1500இல் இழுவை அதிகம். ஆனால் மோட்டார்வேயில் மணிக்கணக்காக விரட்டினால் அதன் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) தாங்காது. எனக்கு மார்க் 4தான் பிடிக்கும்.

பார்க்கப் போகும்போது பையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில்லில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. இந்த வண்டியில் சில் அலங்காரம் இல்லை, பாரம் தாங்குவதே அதுதான். அப்புறம் சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் என்ற கம்பி வந்து பிடிக்கும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். பெயின்ட் பளபளப்பையும் சீட் கவரையும் பார்த்து விலை பேசாதீர்கள். எஞ்சினைக்கூட ஒரு வாரத்தில் மாற்றலாம். துரு பிடித்த உடம்பு இரண்டு குளிர்காலத்தைத் தின்றுவிடும்.

கேள்வி (க்ராய்டன்): நான் பார்த்த வண்டியின் உரிமையாளர் முன் சஸ்பென்ஷனுக்கு வருடம் தவறாமல் கிரீஸ் அடித்தேன் என்கிறார். நல்ல பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

நல்ல மனிதர். ஆனால் அடித்தது தவறான பொருள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் துண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரை உள்ளேயே சுழல்கிறது. அதற்கு வேண்டியது கியர் ஆயில், ஈ.பி. 90. கிரீஸ் அந்த மரைக்குள் முழுதாக இறங்காது. இறங்கிய கொஞ்சமும் காய்ந்து கட்டியாகி, வழியை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டும் எப்படியோ உள்ளே போகும். மரையின் அடியில் துரு அரித்து, ஒருநாள் இரும்பு பட்டென்று முறியும். சக்கரம் மடிந்து வண்டிக்குக் கீழே போய்விடும்.

எனக்கு நடந்தது. வாங்கிய இரண்டாவது மாதம், ஒரு கடையின் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ரிவர்ஸ் எடுத்தபோது இடது சக்கரம் உட்கார்ந்துவிட்டது. நடக்கும் வேகம்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே காலை மகனோடு ஏ46 சாலையில் அறுபது மைலில் வந்திருந்தோம். அதை நினைத்தால் இன்றும் கை சில்லிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு கிரீஸ் கன்னைத் தனியாக வாங்கி அதில் ஈ.பி. 90 ஆயிலை ஊற்றுங்கள். டிரனியனில் இருக்கும் சின்ன அடைப்பு போல்ட்டைக் கழற்றி நிப்பிள் மாட்டி, மேலே ஆயில் கசிந்து வரும்வரை அடியுங்கள். 6,000 மைலுக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை. நீங்கள் பார்த்த வண்டியை வாங்குவதாக இருந்தால் இரண்டு பக்கத்தையும் கழற்றி, கிரீஸைச் சுத்தமாக வழித்து, மரையைக் கண்ணால் பார்த்துவிட்டு மாட்டுங்கள். குழி விழுந்திருந்தால் யோசிக்காமல் புதிது போடுங்கள். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை, மாற்றி மாட்ட முயலாதீர்கள். முழுக்கத் திருகி இறுக்கியும் விட்டுவிடக் கூடாது. கடைசிவரை திருகி, பிறகு ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி நிறுத்தினால்தான் சக்கரம் இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்பும்.

கேள்வி (பர்மிங்ஹாம்): கிளட்சை மிதித்தால் எஞ்சின் முன்னால் இருக்கும் புல்லி கொஞ்சம் முன்னால் நகர்கிறது. இது சாதாரணமா?

கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்தால் வண்டியை இன்றே நிறுத்துங்கள். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிக்க, கடைசி மெயின் பேரிங்கில் பிறை வடிவத்தில் இரண்டு த்ரஸ்ட் வாஷர் இருக்கும். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் அவற்றின் மேல் விழுகிறது. இருக்க வேண்டிய இடைவெளி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். தேய்ந்து தேய்ந்து வாஷர் கழன்று, எஞ்சின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பில் விழுந்துவிட்டால் கிராங்க் நேராக பிளாக்கை உராயும். அப்புறம் பிளாக், கிராங்க் இரண்டும் போச்சு.

முன்கூட்டியே பிடித்துவிட்டால் எஞ்சினை வெளியே எடுக்க வேண்டாம். சம்ப்பையும் கடைசி மெயின் கேப்பையும் கழற்றி, பழைய வாஷரைச் சுற்றி வெளியே தள்ளி, புதியதைச் சுற்றி உள்ளே விடலாம். பள்ளக்கோடு இருக்கும் பக்கம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எண்ணெய் போகாது. இடைவெளி பெரிதாக இருந்தால் தடிமன் கூடிய வாஷர் விற்கிறார்கள். டயல் கேஜ், அதாவது நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவுகோல், வைத்து அளந்து வாங்குங்கள்.

ஒரு பழக்கத்தையும் மாற்றுங்கள். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்காதீர்கள், நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் கிளட்சை மிதிக்க வேண்டியதில்லை. எண்ணெய் ஏறாத நேரத்தில் அந்த வாஷருக்குப் பாரம் கொடுப்பது வீண் தேய்மானம்.

கேள்வி (தாம்பரம்): ஐயா, எங்கள் தாத்தா ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருந்தார், இன்னும் ஷெட்டில் நிற்கிறது. ஸ்பிட்ஃபயருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே?

சம்பந்தமா? அக்கா தங்கை உறவு! கேள்வியைப் படித்ததுமே மனம் ஊருக்குப் போய்விட்டது. எங்கள் அப்பாவிடமும் ஹெரால்ட்தான் இருந்தது, நானும் தாம்பரம் பக்கம்தான்.

1959இல் இங்கிலாந்தில் ஹெரால்ட் வந்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலாட்டி. அதே சேசிஸைக் குறுக்கி, அவரே மேலே ஓர் இரண்டு சீட் உடம்பை வரைந்ததுதான் ஸ்பிட்ஃபயர். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் ஹெரால்டைச் செய்யத் தொடங்கியது. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையில் பிற்பாடு நான்கு கதவு ஹெரால்டும் வந்தது. அது இங்கிலாந்திலேயே கிடையாது.

முன் சஸ்பென்ஷன், டிரனியன், ஸ்டீயரிங் ரேக் எல்லாம் ஒரே வடிவமைப்பு. எஞ்சினும் ஒரே குடும்பம். 1953இன் ஸ்டாண்டர்ட் எயிட்டில் 803 சி.சி.யாகத் தொடங்கி, உங்கள் தாத்தா வண்டியில் 948, ஸ்பிட்ஃபயரில் 1147, 1296, கடைசியில் 1493 என்று வளர்ந்தது. ஆகவே இங்கே ஸ்பிட்ஃபயருக்கு விற்கும் பல சாமான்கள் உங்களுக்கு உதவும், ஆனால் அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிரேக்கை அப்படியே எடுக்க முடியாது. ஸ்பிட்ஃபயரில் முன்னால் டிஸ்க், நம் ஹெரால்டில் டிரம்.

ஷெட்டில் நிற்கும் வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி வேலை முடிந்தது. டிரனியனை மட்டும் மறக்காதீர்கள். மேலே சொன்னது உங்களுக்கும்தான்.

கேள்வி (ஸ்லவ்): மார்க் 3 வைத்திருக்கிறேன். வளைவில் பின்சக்கரம் மடங்கும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

உண்மைதான். பின்பக்கத்தில் ஆக்சில் ஷாஃப்ட் டிஃபரன்ஷியல் அருகில் மட்டுமே மடங்கும், சக்கரத்தின் அருகில் மடங்காது. வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டியின் பின்பகுதி மேலே எழும், சக்கரங்கள் உள்பக்கமாக மடியும், டயர் ஓரத்தில் மட்டும் நிற்கும், பின்பக்கம் வழுக்கும். ஹெரால்டை ஊரில் ஓட்டியவர்களுக்கும் இது தெரியும். அதன் வாரிசாக ஊரில் வந்த ஸ்டாண்டர்ட் கஸெல் காரில் பின்பக்கம் சாதாரண ஒற்றை ஆக்சிலுக்கே போய்விட்டார்கள்.

மார்க் 4இல் இதை, பின்னால் குறுக்காக இருக்கும் பட்டை ஸ்பிரிங்கை மாற்றித் தீர்த்தார்கள். ஒரு பட்டையைத் தவிர மற்றவை நடுவில் ஊஞ்சல்போல அசையும்படி விட்டார்கள். அந்த ஸ்பிரிங்கை உங்கள் வண்டிக்கும் போடலாம். போட்டால் முன்னால், சாய்வைக் குறைக்கும் கம்பியான ரோல் பாரும் தடித்ததாகச் சேர்த்தே போட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி அதிகமாகச் சாயும். அதுவரை, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியபடியே வெளியே வாருங்கள்.

கேள்வி (லெஸ்டர்): இரட்டை எஸ்.யூ. கார்ப்பரேட்டர். ஐடிலிங் நன்றாக இருக்கிறது, ஆனால் மிதித்ததும் ஒரு நொடி மூச்சு நின்று பிறகு எடுக்கிறது.

கார்ப்பரேட்டரின் தலையில் இருக்கும் மூடியைத் திருகி எடுத்துப் பாருங்கள். உள்ளே எண்ணெய் இருக்காது என்று நினைக்கிறேன். அந்த எண்ணெய்தான் கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சட்டென்று எழாமல் பிடித்து, அந்த நொடிக்குக் கொஞ்சம் அதிகப் பெட்ரோல் கிடைக்கச் செய்கிறது. சாதாரண 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில் போதும்.

சரியாகவில்லை என்றால் கலவையைப் பாருங்கள். எஞ்சின் சூடானதும் ஒரு கார்ப்பரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறி இறங்கினால் குறைவு. லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கணினி எதுவும் வேண்டாம், காது போதும்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): அண்ணா, நான் தனியாக வேலை செய்யும் பெண். கியர்பாக்ஸ் ஊளையிடுகிறது. நானே இறக்க முடியுமா?

இறக்குவதற்கு முன் காது கொடுத்துக் கேளுங்கள், தங்கச்சி. ஒன்று, இரண்டு, மூன்றில் சத்தம் இருந்து நான்கில் மறைந்தால் லேஷாஃப்ட் (கியர்பாக்ஸின் துணைத் தண்டு) பேரிங். நியூட்ரலில் சத்தம் இருந்து கிளட்சை மிதித்ததும் நின்றால் முன் பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கியர்பாக்ஸே இல்லை, கிளட்சின் ரிலீஸ் பேரிங்.

இந்த வண்டியில் கியர்பாக்ஸ் கீழே இறங்காது, காருக்குள்ளிருந்துதான் வெளியே வரும். சீட், கார்ப்பெட், நடுவில் இருக்கும் டனல் மூடி எல்லாம் எடுத்துவிட்டால் முழுதும் கண்முன் தெரியும். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் தாங்க மறக்காதீர்கள். கழற்றும் வேலை எல்லாம் தனியாகச் செய்யலாம். தூக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் ஒருவரைக் கூப்பிடுங்கள், ஓவர்டிரைவ் (கூடுதல் உயர் கியர் தரும் பகுதி) இருந்தால் பாரம் கூடும், அப்போது கட்டாயமாக. வெளியே எடுத்த கையோடு கிளட்சையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): இ10 பெட்ரோல் போடலாமா?

வேண்டாம். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயை அது கெடுக்கும். சூப்பர் பெட்ரோல், அதாவது இ5 போடுங்கள். அப்படியும் எல்லாக் குழாயையும் எத்தனால் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றிவிடுங்கள். டேங்க் உங்கள் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

கேள்வி (ரெடிங்): பவர் கூட்ட முதலில் என்ன செய்யலாம்? பெரிய எஞ்சின் போடுவதா?

வண்டி சுமார் 800 கிலோதான். மார்க் 3இல் 75 குதிரைத் திறன், 1500இல் 71. காகிதத்தில் குறைவாகத் தெரியும், ஆனால் தரையை ஒட்டி உட்கார்ந்து ஓட்டும்போது ஐம்பது மைலே நிறைவாக இருக்கும். நான் சொல்லும் வரிசை: நல்ல டயர், புது பிரேக் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளியும் தீப்பொறி டைமிங்கும் சரிபார்த்தல். இவை முடிந்தாலே பலருக்கு வேறு வண்டி ஓட்டுவதுபோல இருக்கும். நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை என்ற சலுகையும், பெரிய மாற்றங்கள் செய்தால் கைவிட்டுப் போகலாம். நான் சோதனைக்கு நானாகவே கொண்டுபோகிறேன். இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லது.

கேள்வி (லூட்டன்): சில்லை நானே வெட்டி வெல்டிங் செய்யலாமா?

வெல்டிங் தெரிந்தால் செய்யலாம். வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுத்துவிடுங்கள். வண்டி தன் சக்கரத்தில் நிற்கும் நிலையில் அளவு எடுங்கள், ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். முட்டுக் கொடுக்காமல் வெட்டிய ஒரு வண்டியைப் பார்த்தேன். நடுவில் தொய்ந்து, அப்புறம் கதவு மூடவே இல்லை. பெட்ரோல் டேங்கை முதலில் கழற்றி வெளியே வையுங்கள்.

கேள்வி (கோவென்ட்ரி): மாமா, என் மகளுக்குப் பத்து வயது. கராஜில் கூடவே நிற்கிறாள். என்ன வேலை கொடுக்கலாம்?

ஜாக்கில் தூக்கிய வண்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆக்சில் ஸ்டாண்டு வைத்த பிறகும் கீழே போக விடாதீர்கள். பிரேக் ஆயிலையும் தொட வேண்டாம். மற்றபடி நிறைய இருக்கிறது. பானெட்டைச் சாய்த்துவிட்டு பிளக்கைக் கழற்றிக் கொடுங்கள், பிரஷ்ஷால் தேய்த்து 0.64 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று அவள் பார்க்கட்டும். வயர்களை மாட்டும்போது சிலிண்டர்கள் எரியும் வரிசையை, 1-3-4-2 என்று அவள் வாசிக்க நீங்கள் மாட்டுங்கள். த்ரஸ்ட் வாஷர் அளக்கும் நாளில் நீங்கள் கிளட்சை மிதியுங்கள், டயல் கேஜ் முள்ளை அவள் படித்துச் சொல்லட்டும். அந்த எண்ணைத் தேதியோடு எழுதிவைக்க ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். சனிக்கிழமை கூட்டி வாருங்கள், என்னிடம் கேஜ் இருக்கிறது.