35 மூடை யூரியாவும் வாப்பாவின் சிரிப்பும்

கேள்வி (சம்மாந்துறையிலிருந்து): எங்கட வயலுக்குக் காணி உறுதியில (பத்திரத்தில) 3 ஏக்கர் 1 றூட் 28 பேர்ச்சஸ் என்று இருக்கு. நான் அதை 3.128 ஏக்கர் என்று எடுத்து, 2.471 ஆல் பெருக்கி ஹெக்டயர் ஆக்கினேன். எனக்குக் கிடைச்ச தாளில ஹெக்டயருக்கு 225 கிலோ யூரியா என்று போட்டிருக்கு. கணக்குப் பார்த்தால் 35 மூடை வருது. வாப்பா சிரிச்சிட்டு, "ஆறு மூடையும் சொச்சமும் போதும், நீ படிச்ச படிப்பு இதுதானா?" என்கிறார். எங்க பிழை? புல்லுக்கு அடிக்கிற எண்ணெய்ப் போத்தலிலும் ஹெக்டயருக்கு 800 மில்லி என்றுதான் இருக்கு. முதுகில போட்டு அடிக்கிற 16 லீற்றர் தாங்கிக்கு எவ்வளவு விடுறது? வாப்பா அவணம், புசல் என்று பேசுறார், ஆலையில கிலோ கேட்கிறாங்க. அதையும் சொல்லித் தாங்க சேர்.

பதில்: தம்பி, வாப்பா சொன்னதுதான் சரி. உங்கள் கணக்கில் இரண்டு பிழை இருக்கிறது. பெரிய பிழையை வாப்பா பிடித்துவிட்டார். சின்னப் பிழைதான் ஆபத்தானது, ஏனென்றால் அதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

முதலில் பெரியது. ஒரு ஹெக்டயருக்குள் 2.471 ஏக்கர் அடங்கும். சின்ன அளவான மரைக்காலால் அளந்த நெல்லைப் பெரிய அளவான புசலால் அளந்தால் எண்ணிக்கை குறையும் அல்லவா? அதுபோல ஏக்கரை ஹெக்டயராக்கினால் எண் சிறுக்க வேண்டும். மூன்று ஏக்கர்ச் சொச்சம் உங்களுக்கு ஏழரை ஹெக்டயருக்கு மேல் போனபோதே பேனையைக் கீழே வைத்திருக்க வேண்டும். பெருக்குவதா பிரிப்பதா என்று மனப்பாடம் செய்யாதீர்கள். விடை கூடுமா குறையுமா என்று முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு கணக்குப் போடுங்கள்.

இனிச் சின்னது. உறுதியில் 3-1-28 என்று இருப்பதைத் தசமமாக வாசித்துவிட்டீர்கள். வெட்கப்பட வேண்டாம், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பேர்ச்சஸை நூறால் பிரித்து ஒருவருக்குப் பசளைக் கணக்கு எழுதிக் கொடுத்தவன்தான். ஏக்கருக்கு 4 றூட், றூட்டுக்கு 40 பேர்ச்சஸ், ஆக ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். உங்கள் 1 றூட் கால் ஏக்கர், அதாவது 0.25. 28 பேர்ச்சஸை 160 ஆல் பிரித்தால் 0.175. மூன்றோடு கூட்டினால் 3.425 ஏக்கர். உங்கள் 3.128 ஐவிட இது கிட்டத்தட்ட 48 பேர்ச்சஸ் கூட. ஒரு றூட்டுக்கு மேலான வயல் கணக்கிலிருந்தே காணாமல் போயிருக்கிறது!

3.425 ஐ 2.471 ஆல் பிரியுங்கள்: 1.386 ஹெக்டயர். அதை 225 ஆல் பெருக்கினால் 312 கிலோ. ஐம்பது கிலோ மூடையில் ஆறு மூடையும் 12 கிலோவும். வாப்பாவின் "ஆறு மூடையும் சொச்சமும்" இதுதான். 3.128 ஐ வைத்துக்கொண்டு சரியாகப் பிரித்திருந்தாலும் 285 கிலோதான் வந்திருக்கும். அரை மூடைக்கு மேல் குறைந்திருக்கும், பயிர் வெளிறிய பிறகுதான் தெரிந்திருக்கும். மூடை 350 ரூபாய்க்கு மானியத்தில் கிடைத்த காலத்தில் ஆளாளுக்கு அள்ளி எறிந்தோம். இன்றைய விலையில் அரை மூடையும் கணக்குத்தான். இந்த 312 கிலோவையும் ஒரே நாளில் எறிந்துவிடாதீர்கள், தாளில் கிழமை வாரியாகப் பிரித்திருப்பார்கள். ஏதாவது தாளில் யூரியா என்று இல்லாமல் நைதரசன் இத்தனை கிலோ என்று இருந்தால் 0.46 ஆல் பிரியுங்கள். யூரியாவில் நைதரசன் 46 சதவீதம்தான்.

அடுத்தது எண்ணெய். ஹெக்டயருக்கு 800 மில்லி என்றால் ஏக்கருக்கு 324 மில்லி. தாங்கிக்கு எவ்வளவு என்பதை நான் சொல்ல முடியாது. அது உங்கள் நடையையும் நொசிலையும் பொறுத்தது. வேகமாக நடப்பவர் ஏக்கருக்கு ஆறு தாங்கி அடிப்பார், ஆறுதலாக நடப்பவர் பத்து அடிப்பார். ஆகவே ஒரு காலை நேரம் ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். வரம்போரமாக 52 அடி 2 அங்குலத்துக்குச் சதுரமாக நாலு கம்பு நடுங்கள். அது 10 பேர்ச்சஸ், ஏக்கரில் பதினாறில் ஒன்று. தாங்கியில் வெறும் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, வழமையாக நடக்கிற நடையில் அந்தச் சதுரத்துக்கு அடியுங்கள். பிறகு பழையபடி கழுத்துவரை நிரப்ப எத்தனை லீற்றர் பிடிக்கிறது என்று ஒரு லீற்றர்ப் போத்தலால் அளந்து ஊற்றுங்கள். எட்டு லீற்றர் பிடித்தால் ஏக்கருக்கு 128 லீற்றர், அதாவது எட்டுத் தாங்கி. 324 ஐ எட்டால் பிரித்தால் தாங்கிக்கு 40 மில்லி. உங்களுக்கு ஆறு தாங்கி வந்தால் 54 மில்லி. போத்தல் மூடியால் அளக்கும் பழக்கத்தை விடுங்கள், ஒரு போத்தல் மூடி மற்றதுக்குச் சமமில்லை. மருந்துக்கடையில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்ச் வாங்கி, எண்ணெய்க்கு மட்டும் என்று வாடியில் வையுங்கள். அதில் சிசி என்று இருந்தால் குழம்ப வேண்டாம், சிசியும் மில்லியும் ஒன்றுதான்.

வாப்பாவின் அவணம் வேறு சங்கதி. இவ்வளவு நெல் விதைக்கிற காணி என்று விதையை வைத்து நிலத்தைச் சொன்ன கணக்கு அது. அடர்த்தியாக விதைக்கிற ஊரில் அவணக்காணி சிறுக்கும், ஐதாக விதைக்கிற ஊரில் பெருக்கும். பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பசளைக்கு உறுதியையே பாருங்கள்.

புசலுக்கு வருவோம். நெல்லுக்குப் புசல் என்றால் 46 இறாத்தல், 20.87 கிலோ. வீச்சு விதைப்புக்கு நாட்டரிசி இனங்களுக்கு ஹெக்டயருக்கு 100 கிலோ விதை என்பதுதான் சிபாரிசு. அது ஏக்கருக்கு 40 கிலோ, இரண்டு புசலுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் காணிக்கு 139 கிலோ, ஆறே முக்கால் புசலுக்குள் முடிந்துவிடும். நம் பக்கத்தில் ஏக்கருக்கு மூன்று புசலும் அதற்கு மேலும் விதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாப்பாவும் அப்படியென்றால் ஒரு வரவையில் (வரம்பு கட்டிய ஒரு துண்டு வயலில்) மட்டும் குறைத்து விதைத்துக் காட்டுங்கள். வாயால் சொல்லி அவரை வெல்ல முடியாது.

ஆலையில் "ஏக்கருக்கு இத்தனை மூடை" என்ற பேச்சே வேண்டாம். மூடை அளவில்லை, சாக்கு. ஒருவர் 60 கிலோ கட்டுவார், இன்னொருவர் 70 கட்டுவார். கிலோவைக் கேளுங்கள், கூடவே ஈரத்தையும் கேளுங்கள். 14 சதவீத ஈரத்துக்குத்தான் விலை பேசினால், 20 சதவீத ஈரத்தோடு போன 1000 கிலோ நெல்லில் காய்ந்த பகுதி 800 கிலோ. 14 சதவீத நெல்லில் காய்ந்த பகுதி நூறுக்கு 86. ஆகவே 800 ஐ 0.86 ஆல் பிரித்தால் 930 கிலோ. நூறு கிலோவுக்கு 7 கிலோ கழிவு நியாயம். 16 சதவீதம் என்றால் நூறுக்கு 2 கிலோவும் சொச்சமும்தான். ஈரமானியின் எண்ணைக் காட்டாமல் "நூறுக்கு அஞ்சு கழிப்பம்" என்று தொடங்கினால், அந்த எண்ணைக் காட்டச் சொல்லிவிட்டுத் தராசில் ஏற்றுங்கள்.