கர்னல் டிரைவரில் ஹார்டுவேர் டைமரை எந்த வரிசையில் துவக்க வேண்டும்?

டைமரை ஓடவிட்டு, இன்டரப்ட் (டைமர் பிராசஸரை இடைமறிக்கும் சைகை) வந்ததும் ஓடும் ஹேண்ட்லரைப் பதிவு செய்து, அதற்கப்புறம் டிரைவரின் தரவை நிரப்புகிறீர்கள்; சில நேரம் போர்டு உறைந்துவிடுகிறது, சில நேரம் ஒழுங்காக எழுகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் 'சில நேரம்' வரிசைப் பிழையின் அறிகுறி.

நானும் இதில் அடிபட்டவன்தான். ஒரு போர்டுக்கு டைமர் டிரைவர் எழுதினேன். மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தால் நன்றாக எழும், ரீபூட் கட்டளை கொடுத்தால் மட்டும் கர்னல் பேனிக், அதாவது கர்னல் மீள முடியாமல் நின்றுவிடும். இரண்டு நாள் ஹேண்ட்லரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், ரீபூட்டில் அந்த டைமர் ரீசெட் ஆகவே இல்லை. முந்தைய கர்னல் முடுக்கிவிட்டது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஹேண்ட்லரைப் பதிவு செய்த கணமே, காத்துக்கிடந்த இன்டரப்ட் உள்ளே பாய்ந்தது. ஹேண்ட்லர் தொட வேண்டிய பாயின்டரில் அப்போது எதுவுமே இல்லை.

அதனால், கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் டைமரைச் சுத்தமாக விட்டுப் போயிருக்கும் என்று நம்பாதீர்கள். முதலில் டைமரை இயக்கும் துடிப்பான கிளாக்கைத் திறந்துவிடுங்கள். கிளாக் இல்லாமல் டைமரின் ரெஜிஸ்டரை (அதைக் கட்டுப்படுத்த எழுதும் இடம்) தொட்டால், சில சிப்களில் பஸ்ஸே நின்றுவிடும், ஒரு பிழைச்செய்தி கூட வராது. அடுத்து டைமரை நிறுத்தி, இன்டரப்டை மூடி, இன்டரப்ட் வந்ததைக் குறித்துவைக்கும் பழைய நிலை பிட்டை அழியுங்கள். தரவை முழுக்க நிரப்பிவிட்டு ஹேண்ட்லரைப் பதிவு செய்யுங்கள். டைமரை முடுக்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

நிலை பிட்டை அழிப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பல சிப்களில் அந்த பிட்டில் 1 எழுதினால்தான் அழியும். பழக்கதோஷத்தில் ரெஜிஸ்டரைப் படித்து, ஒரு பிட்டைச் சேர்த்து, திருப்பி எழுதினால் மற்ற சேனல்களின் இன்டரப்டும் சேர்ந்து போய்விடும். அழிக்காமலே ஹேண்ட்லர் திரும்பினாலோ, லெவல் வகை இன்டரப்ட் (நிலை பிட் அழியும்வரை நீடிப்பது) ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்க்க உறைந்தது போலத்தான் தெரியும்.

அதிர்வெண்ணை முடிந்தவரை கோடில் எழுதி வைக்காதீர்கள், கர்னலின் கிளாக் அமைப்பிடம் கேளுங்கள். பிசியின் பழைய 8254 டைமர் இதற்கு விலக்கு: எப்போதும் 1193182 ஹெர்ட்ஸ், நொடிக்கு 100 டிக் வேண்டுமென்றால் 11932 எழுத வேண்டும். இந்த 16 பிட் எண் 8 பிட் போர்ட் வழியாக இரண்டு தவணையில் போகிறது. நடுவில் வேறு யாரும் புகாமல் பூட்டிக்கொள்ளுங்கள்.

கவுன்ட்டர் எந்த எண்ணை எட்டினால் இன்டரப்ட் வர வேண்டும் என்று எழுதிவைக்கும் கம்பேர் ரெஜிஸ்டர் உள்ள டைமர் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கவுன்ட்டர் 1000-ஐத் தாண்டிய பிறகு 1000 என்று எழுதினால் (சமமானால் மட்டுமே இன்டரப்ட் தரும் வகையில்) அது ஒரு முழுச்சுற்று சுற்றி வர வேண்டும். 24 மெகாஹெர்ட்ஸில் 32 பிட் கவுன்ட்டருக்கு அது சுமார் 179 விநாடி. மூன்று நிமிடம் செத்துக்கிடந்து தானாக உயிர்பெறும் சிஸ்டத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும். எழுதியதும் கவுன்ட்டரை மறுபடி படித்து, நேரம் கடந்திருந்தால் கர்னலுக்குப் பிழைக் குறியீட்டைத் திருப்புங்கள்.

உங்கள் கோடில் இப்போதைக்கு, டைமரை முடுக்கும் வரியைத் துவக்க ஃபங்ஷனின் அடிக்கு நகர்த்தி, நிறுத்தி அழிக்கும் வரிகளை மேலே சேர்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் உறைந்தால் கிளாக்கைச் சோதியுங்கள்.