சாமந்தி பூக்காததற்கு விளக்கே காரணம்

கேள்வி: சென்ற ஐப்பசியில் பூத்திருந்த சாமந்தித் தொட்டி ஒன்று வாங்கினேன். இப்போது மாடிப்படி விளக்கின் பக்கத்தில் இரண்டடி உயரம் வளர்ந்து நிற்கிறது. ஒரு மொட்டுகூட இல்லை. நர்சரியில் ‘பூ டானிக்’ தெளிக்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, தாம்பரம்)

வாங்காதீர்கள். தொட்டியை இன்று மாலையே அந்த விளக்கடியிலிருந்து நகர்த்துங்கள்.

சாமந்தி இரவின் நீளம் பார்த்துப் பூக்கும் செடி. ஆவணிக்குப் பின் இரவு நீள நீள மொட்டு கட்டும். நடுவே வெளிச்சம் பட்டால் அந்த நீண்ட இரவு துண்டாகிவிடும். செடி இலை விட்டுக்கொண்டே இருக்கும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள், செடி வளர வேண்டுமென்றால் இரவில் பல்பு எரிப்பார்கள், பூக்க வேண்டுமென்றால் கறுப்புப் படுதா போடுவார்கள். உங்கள் தொட்டியும் அப்படி வளர்ந்து, குட்டையாக நிற்க மருந்து தெளிக்கப்பட்டதாகத்தான் இருக்கும். மருந்தின் வேகம் தீர்ந்தது, செடி உயர்ந்துவிட்டது. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

டானிக் விஷயத்துக்கு வருகிறேன். இத்தகைய ஊக்கிகளை 2021-லேயே உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத பாட்டில்கள் கடைகளில் தாராளமாக விற்கின்றன. விதி போட்டவர்கள் ஒரு நாளாவது நர்சரிக்குள் நுழைந்து பார்க்கக் கூடாதா? தழைச்சத்து மிகுந்த பாட்டிலாக அமைந்துவிட்டால் இன்னும் இலைதான் கிடைக்கும்.

செடியை நகர்த்தி வைக்க, மாடித் தண்ணீர்த் தொட்டியின் மறைவு போதும்; பகல் வெயில் மட்டும் அங்கே விழ வேண்டும். இடமில்லை என்றால் மாலை 6 மணி முதல் காலை 7 மணி வரை கறுப்புத் துணியால் மூடுங்கள். மழைக்காலம், துணி இலையில் ஒட்டினால் அழுகும்; நான்கு குச்சி நட்டு அதன்மேல் போடுங்கள். ஓர் இரவு மறந்தால் பரவாயில்லை, அடிக்கடி மறக்கக் கூடாது. வகையைப் பொறுத்து 8 முதல் 10 வாரத்தில் பூ வரும். இனி நுனி கிள்ளாதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. மொட்டு வந்து நிறமும் தெரியத் தொடங்கிவிட்டால் மூட வேண்டியதில்லை. தொட்டியை விளக்கு எரியும் வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம். பச்சை மொட்டாக இருக்கும்போதே அப்படிச் செய்யாதீர்கள், நிறம் தெரிய வேண்டும். நிறம் தெரிந்தும் விரியாமல் கருகினால் அது வெளிச்சத்தால் வந்ததல்ல. இதழுக்குள் இலைப்பேன் இருக்கிறதா, தொட்டியில் நீர் தேங்குகிறதா என்று பாருங்கள்.

பூ முடிந்ததும் ‘இது ஒரு தடவைதான் பூக்கும், புதிது வாங்குங்கள்’ என்பார்கள். தண்டை வெட்டிவிட்டு, அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடுங்கள்.